பெயர் வெளியிட விரும்பாத ஒருவர்

போன வாரம் ரங்கசாமி குளத்துக்கு அருகில் உள்ள ஒரு பழுது பார்க்கும் கடையில், வீட்டு மின்விசிறியின் ரிமோட்டைக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். கடைக்காரர் என் வயதுக்காரர். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மூடியை நெம்பித் திறந்தார். சால்டரிங் அயர்னைப் பிசினில் ஒரு தொடு தொட்டார். மெல்லிய வெள்ளைப் புகை எழுந்தது. மரப்பிசினும் சூடான ஈயமும் கலந்த வாசனை. "இந்தப் பக்கம் வந்துடுங்க சார், புகை அடிக்குது" என்றார். நான் நகரவில்லை. பிள்ளையார்பாளையத்தில் உன் வீட்டு நடையில், அந்தச் சின்ன மேசைக்கு முன்னால் நிற்பது போல இருந்தது. நீ போய் மூன்று வருடம் ஆகிவிட்டது.

முப்பது வருடத்துக்கு மேல் நிருபராக இருந்தேன். உன் தொடர்பாக நான் எழுதிய முக்கியமான செய்தி ஒன்றுதான். அதில் ஒரு வரி பொய். நான் எழுதிய பொய். நீ இருக்கும்போதே அதைத் திருத்தியிருக்க வேண்டும்.

உன்னை எனக்குத் தெரியவந்ததும் ஒரு செய்தியால்தான். ஸ்ரீபெரும்புதூர் சாலையில் நீ வேலை பார்த்த செல்போன் கம்பெனியை மூடிய வாரம், கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடத்தில் உங்கள் இருபது பேரிடம் பேசினேன். சிலர் அழுதார்கள், சிலர் திட்டினார்கள். நீ மட்டும் என் நோட்டை எட்டிப் பார்த்து ஒரு வார்த்தையை அடிக்கச் சொன்னாய். "போன் செய்றவங்கன்னு போடாதீங்கணா. நான் ஒரு போன்கூட செஞ்சதில்ல. மெஷின் தப்பா வெச்ச காலை எடுத்து, சரியா வெச்சேன். அதான் என் வேலை." சிப்பின் கால்களைச் சொன்னாய். நீ சொன்னபடியே எழுதினேன். பெயர் போடவில்லை, "ஒரு பெண் தொழிலாளி" என்றுதான் வந்தது. அடுத்த முறை பார்த்தபோது, வரி சரியாக இருக்கிறது, பெயரையும் போட்டிருக்கலாம் என்று சிரித்தாய்.

அதன்பிறகு நீ வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாய். உன் அப்பா தறிக்குழியில் கால்களை இறக்கி உட்கார்ந்தால் மதியம்வரை எழுந்திருக்க மாட்டார். ஆனால் மாடித் தொட்டி நிரம்பி வழியும்போது பின்கட்டுக்கு ஓடி மோட்டாரை நிறுத்த ஆள் இல்லாமல் அவரே எழ வேண்டியிருக்கும். குறுக்கே ஊடை நூல் போட்டுக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்தால், திரும்ப வந்து உட்காருகிறவன் அடி வேறு மாதிரி விழும், புடவையில் கோடாகத் தெரியும் என்பார். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு, "இது முட்டியா டவுன் பஸ்ஸா? ஏறு, இறங்கு, ஏறு, இறங்குன்னா இன்னா செய்யும்?" என்று கேட்டதை நீ நடித்தே காட்டியிருக்கிறாய்.

மோட்டாருக்கு ஒரு ரிமோட் செய்ய, சென்னைக்குப் போய் ரிச்சி தெருவில் இரண்டு சிப்பு வாங்கி வந்தாய். ஒன்று அனுப்புவது, ஒன்று வாங்குவது. டி.வி. ரிமோட் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை அனுப்புகிறது, சுவர் குறுக்கே வந்தால் நின்றுவிடும். இது வானொலி அலை, சுவரைத் தாண்டும் என்று எனக்கு விளக்கினாய். பொத்தானை அழுத்தும்வரை சிப்பு தூங்கும், அழுத்தினால் விழித்து ஒரு சொல் சொல்லிவிட்டு மறுபடி தூங்கப் போய்விடும், அதனால்தான் விரல் நுனியளவு பேட்டரி ஒரு வருடம் வருகிறது என்றாய். எவ்வளவு தூரம் போகும் என்று நான் கேட்டேன். நிருபன் கேட்கிற கேள்வி. "இது ரகசியம் பேசற சிப்புணா. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். ரெண்டு தெரு தள்ளிக் கேக்காது."

உன் அப்பா முதல் நாள் தண்ணீர் தேவைப்படாமலே பலமுறை மோட்டாரைப் போட்டு நிறுத்தினாராம். பிறகு தறிக் கட்டையில் ஆணி அடித்து அந்த ரிமோட்டைத் தொங்கவிட்டுக்கொண்டார். பார்க்க வந்த நெசவாளர்கள் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். இரண்டு வருடத்தில் உங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் குழிக்குள் உட்கார்ந்தபடியே மோட்டாரையும் விளக்கையும் போட்டார்கள். தெருவில் நடந்தால் தறிச் சத்தம் நிற்காமலே மோட்டார்கள் உறுமி எழும்.

ஒரு வீட்டு ரிமோட் இன்னொரு வீட்டு மோட்டாரைப் போடாமல் இருக்க, நீ வைத்திருந்த முறையை இங்கே சரியாக எழுத வேண்டும். மற்றதெல்லாம் அதில்தான் இருக்கிறது. சிப்பில் எட்டுக் கால்கள் அடையாளத்துக்கு. ஒவ்வொரு காலையும் மேலே இணைக்கலாம், கீழே இணைக்கலாம், சும்மாவும் விடலாம். அனுப்புகிற சிப்பிலும் வாங்குகிற சிப்பிலும் எட்டும் ஒன்றுபோல இருந்தால்தான் ஒன்று சொல்வது மற்றதற்குக் கேட்கும். அந்த எட்டை நீ நம்பர் என்பாய். எந்த வீட்டுக்கு எந்த நம்பர் என்று ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்தாய்.

இன்னொன்றும் இருந்தது. வாங்குகிற பலகையில் ஏரியலாக ஒரு கம்பித் துண்டு வைப்பாய், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. யாராவது இழுத்தால் ஈயப் பற்று விட்டுவிடாமல் இருக்க அடியில் ஒரு முடிச்சுப் போடுவாய். அறுந்த பாவு இழையை இணைக்க உங்கள் வீட்டில் போடுகிற அதே முடிச்சு. கம்பெனியில் இதற்குப் பசை வைப்பார்கள், எனக்குக் கை இப்படித்தான் போகிறது என்றாய்.

உன் அப்பா கூலிக்கு நெய்து கொடுத்த கடை அடுத்த தெருவில் இருந்தது. பட்டும் ஜரிகையும் எடை போட்டுக் கொடுப்பார்கள்; நெய்த புடவையை எடை போட்டு வாங்குவார்கள். எடை குறைந்தால் அங்கே கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ஜரிகை எங்கே போச்சு? அந்த வருடம் உன் அப்பாவை அந்தக் கேள்வி நான்கு முறை கேட்டார்கள். அறுந்த நூல் துணுக்கைக்கூடப் பொட்டலம் கட்டித் திருப்பிக் கொடுக்கிற மனிதர். நான்காவது முறை வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டதாக நீ சொன்னாய். நம் வீட்டில் யாராவது எடுத்தீர்களா என்று உன் அம்மாவைக் கேட்டுவிட்டாராம். அதற்குப் பிறகு இரண்டு நாள் அம்மா பேசவில்லை.

ஐந்தாவது முறை அவர் புடவையைத் தராசில் வைத்துவிட்டு நின்றிருந்தார். கடை ஆள் நோட்டு எடுக்க உள்ளே போயிருந்தார். தராசில் எரிந்த எண் திடீரென்று பதினைந்து கிராம் இறங்கியது. புடவையை யாரும் தொடவில்லை. அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து நெசவாளர் வீட்டில், தண்ணீர் மோட்டார் ஓடத் தொடங்கியது. தண்ணீர் ஏறவில்லையோ என்னவோ, உடனே நிறுத்தினார்கள். எண் மறுபடி ஏறியது. வீட்டுக்கு வந்து உன் அப்பா அதை வேடிக்கையாகத்தான் சொன்னார்: "தராசுக்கும் தண்ணி மோட்டாருக்கும் இன்னாமா சம்பந்தம்?"

நீ கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எடுத்தாய்.

அடுத்த புடவை முடிய இரண்டு வாரம் ஆயிற்று. அப்பாவிடம் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டு, கடைக்குப் பக்கத்து வீட்டு நம்பரில் ஒரு ரிமோட் செய்து எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாய். கடைக்குப் பின்னால் சந்தில் நின்று மூன்று முறை போட்டு நிறுத்தினாய். அப்பா வெளியே வந்து, "மூணு வாட்டி விழுந்து ஏறிச்சுமா" என்றார். பிறகு உன் கையில் இருந்ததைப் பார்த்தார். அவர் பார்த்த பார்வையை என்னிடம் சொல்லும்போதுதான் உன் குரல் முதல்முறையாக உடைந்தது.

மறுநாள் காலை என் வீட்டுக்கு வந்தாய். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தராசுக்குள்ள இருக்கறது என் சிப்புணா. நான்தான் வித்தேன்."

கேட்டுக் கேட்டு முழுவதையும் வாங்கினேன். ஏழெட்டு மாதம் முன்பு ஒருவன் வந்து, செய்யாறு பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் மேடை விளக்குக்கு ரிமோட் வேண்டும், பலகை சின்னதாக இருக்க வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்றான். உனக்குப் புதிதாகச் செய்ய நேரமில்லை. தயாராக ஒரு ஜோடி கிடந்தது. கடைக்குப் பக்கத்து வீட்டு நெசவாளர் இரண்டு ஜோடி கேட்டுவிட்டு ஒன்றோடு போதும் என்றதில் மிஞ்சியது. அவர் மோட்டாருக்கும் அதற்கும் ஒரே நம்பர். செய்யாறு எங்கே, பிள்ளையார்பாளையம் எங்கே என்று கொடுத்துவிட்டாய். நோட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டினாய். பக்கத்து வீட்டுக்காரரின் நம்பருக்கு எதிரே உன் சின்ன எழுத்தில்: "செய்யாறுக்கும் இதே. தூரம். பரவாயில்லை."

"இங்க வெக்கப் போறாங்கன்னு தெரிஞ்சிருந்தா, பக்கத்துச் செவுத்துல இருக்கற அதே நம்பரையா குடுப்பேன்? எனக்குத் தெரியாதுன்றதுக்கு இதுக்கு மேல இன்னா வேணும்ணா?"

ஒன்றும் வேண்டாம். நான் பார்த்த சாட்சிகளில் இவ்வளவு சுத்தமான ஒன்று குறைவு. உன் தப்புதான் உன் சாட்சி. அப்போதே எனக்கு அது புரிந்தது.

"என் பேரைப் போட்டு எழுதுங்க. நான் செஞ்சேன், தெரியாம குடுத்தேன், நானே கண்டுபுடிச்சேன்னு போடுங்க."

பெயர் வேண்டாம் என்றேன். வழக்கு என்று வந்தால் செய்தவளைத்தான் முதலில் இழுப்பார்கள், உனக்காகத்தான் சொல்கிறேன் என்றேன். பெயரில்லாமல் எழுதினால் மட்டும் தெருவுக்குத் தெரியாதா, அங்கே இந்த வேலை செய்கிறவள் நான் ஒருத்திதானே என்று கேட்டாய். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போம்மா என்றேன். அந்த நேரத்தில் நான் பெரியவன் மாதிரி நடந்துகொண்டேன்.

உன் புகாரின்பேரில் எடையளவு ஆய்வாளர்கள் வந்து தராசின் அடிப்பலகையைக் கழற்றியபோது நான் அங்கே இருந்தேன். மற்ற நாட்களில் அவர்கள் வந்து சோதித்தபோதெல்லாம் அது சரியாகத்தான் காட்டியிருக்கிறது. அவர்கள் முன்னால் கடைக்காரர்கள் பொத்தானை அழுத்தியிருக்க மாட்டார்கள்; சிப்பு தூங்கிக்கொண்டிருந்திருக்கும். அவர்கள் கொண்டுவந்த எடைக்கற்கள் பக்கத்தில் சதுரமான பச்சைப் பலகை, அதிலிருந்து ஒரு கம்பி, அதன் அடியில் முடிச்சு. இன்னொரு நாளிதழின் நிருபரும் வந்திருந்தார். அவர் பலகையைப் படம் எடுத்தார். முடிச்சு அவர் கண்ணில் படவில்லை. எனக்குப் பட்டது.

அன்று சாயங்காலம் எழுதி அனுப்பினேன். செய்தி நன்றாக வந்திருந்தது. நெசவாளர்களின் புகாரின்பேரில் சோதனை நடந்தது என்று எழுதினேன். உன் பெயர் இல்லாததால் புகார் யாருடையது என்பதும் இல்லை. பாவு இழையை இணைக்கும் முடிச்சு ஏரியல் கம்பியில் போடப்பட்டிருந்தது என்று எழுதினேன். மறுநாள் அலுவலகத்தில் எல்லோரும் பாராட்டியது அந்த வரியைத்தான். கடைசிப் பத்தியில் இப்படி எழுதினேன்: "கருவியைச் செய்து கொடுத்தவர் உள்ளூரைச் சேர்ந்தவர். பெயர் வெளியிட விரும்பாத அவர், அது எதற்குப் பயன்படப் போகிறது என்று தமக்குத் தெரியாது என்றார்."

ஒரே நம்பர் விஷயத்தை விட்டுவிட்டேன். அதை விளக்க நான்கு பத்தி வேண்டும், உன்னைச் சொல்லாமல் அதைச் சொல்லவும் முடியாது. பெயரோடு அனுப்பியிருந்தால் சென்னை அலுவலகத்தில் போலீஸ் தரப்பு கேட்டாயா, வக்கீல் பார்த்தாரா என்று இரண்டு நாள் நிறுத்தி வைப்பார்கள். அதற்குள் மற்ற நாளிதழில் வந்துவிடும். உனக்காகத்தான் என்று உன்னிடம் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி இதுதான்.

காலை ஏழு மணிக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த முடிச்சை அங்கே தெரியாதவர்கள் யார்? ஒவ்வொரு வீட்டு மோட்டார் பெட்டிக்குள்ளும் அது இருக்கிறது. செய்தது நீ என்பதை அவர்கள் மன்னித்திருப்பார்கள் என்றே இன்றும் நினைக்கிறேன். தெரியாமல் செய்தவள் எதற்குப் பெயரை மறைத்தாள் என்பதுதான் அவர்கள் கேள்வியாக இருந்தது. குழாயடியில் ஒருத்தி உன் முகத்துக்கு நேராகவே கேட்டாளாம்: "தெரியாம செஞ்சவ ஏன்டி பேரை ஒளிச்சுக்கினே?" அன்றிலிருந்து உன் வாசற்படியில் ரிமோட்டுகள் வந்து கிடக்க ஆரம்பித்தன. யாரும் கதவைத் தட்டவில்லை. வைத்துவிட்டுப் போனார்கள். உன் அப்பாவுக்கு அடுத்த பாவு கொடுக்க இன்னொரு இடம் கிடைக்க மூன்று மாதம் ஆயிற்று. மகள் செய்த மெஷினில் அப்பனையே எடை போட்டார்களாம் என்று டீக்கடையில் சிரித்தார்கள்.

நான்காம் நாள் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாய். கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். அந்தக் கடைசிப் பத்தியில் விரலை வைத்தாய்.

"பேர் வாணாம்னு நான் எப்போ சொன்னேன்ணா?"

வழக்கமாக எழுதுகிற வரி அது என்றேன்.

"உங்களுக்கு வழக்கம். நான் அந்தத் தெருவுலதான் தண்ணி புடிக்கணும்."

குற்றப் பத்திரிகை தாக்கல் ஆகட்டும், அப்போது உன் பெயரோடு, நம்பர் விஷயத்தோடு முழுசாக எழுதுகிறேன் என்றேன். நம்பினாய். ஆதாரத்துக்கு இருக்கட்டும் என்று நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனாய். குற்றப் பத்திரிகை என்று ஒன்று வரவேயில்லை. அபராதம் கட்டினார்கள், தராசை மாற்றினார்கள், விஷயம் முடிந்தது. அலுவலகத்தில் ஒருமுறை கேட்டேன். பழைய செய்தி என்றார்கள். இரண்டாவது முறை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போட்டிருப்பார்கள். நாலு வரித் திருத்தம் போடச் சொன்னால் மறுக்கிற ஆசிரியர்கள் இல்லை. ஆனால் திருத்தம் என்று போட்டால் யார் தவறு என்று எழுத வேண்டியிருக்கும்.

நீ மறுபடி கம்பெனி பஸ் ஏறினாய், இந்த முறை ஒரகடம் பக்கம். அதற்குப் பிறகு ஒரு ரிமோட்கூடச் செய்யவில்லை. உங்கள் தெருவில் நெசவாளர்கள் பழையபடி குழியிலிருந்து ஏறி இறங்கினார்கள். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் உன்னைப் பார்த்தேன். நோட்டைக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். "உங்ககிட்டயே இருக்கட்டும்ணா, எழுதும்போது தேவைப்படும்" என்றாய். அதில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வயிற்றில் கட்டி என்று ஆறு மாதம் சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்கும் நீ அலைந்தது எனக்குத் தெரியாது. ஊரில் நடப்பதெல்லாம் தெரியும் என்று பெயர் வாங்கியவனுக்குத் தெரியவில்லை. பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் சுவரில் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தார்கள். கொட்டை எழுத்தில் உன் பெயர். உன் பெயரை அச்சில் நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று படித்தேன். பழக்கம். பிழை இல்லை.

இந்த மடலை இதுவரை எழுதியதும் உன் அப்பாவிடம் எடுத்துக்கொண்டு போனேன். வேறொருவருக்காக இன்னும் நெய்துகொண்டிருக்கிறார். குழியிலிருந்து எழவில்லை. நான் தரையில் உட்கார்ந்து முழுவதையும் படித்துக் காட்டினேன். நம்பர் விஷயம் வந்த இடத்தில் கையைத் தூக்கி இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். தலையாட்டினார். முடித்துவிட்டு, உன் பெயரைப் போடலாமா என்று கேட்டேன்.

அவர் தறியின் அச்சுச் சீப்பில் விரலை ஓட்டினார்.

"எழுதினது எல்லாம் சரிதான்பா. அவ கேட்டுக்கினு வந்தப்போ நீ போடல. இப்போ யாரைக் கேட்டுப் போடுவே?"

அவர் ஊடை நூல் சுற்றிய நாடாவைக் குறுக்கே எறிந்தார். தறி ஓடத் தொடங்கியது. நான் தாள்களை மடித்துக்கொண்டு எழுந்தேன்.

அதனால் இதிலும் உன் பெயர் இல்லை. இதைப் படிக்கிறவர்கள் இந்த முறையும் அதேபோல நினைத்துவிடக் கூடாது. நீ செய்தாய், தெரியாமல் கொடுத்தாய், நீயே கண்டுபிடித்தாய். பெயரைப் போடச் சொல்லி என் வீட்டு வாசலில் நின்று கேட்டாய். விரும்பாதவன் நான்.